மஞ்சள் புள்ளிக்காரிக்கு

திங்கட்கிழமை காலை ஆபீசுக்குள் நுழைந்து, ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைத் திறந்தேன். சாட்டில் உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வந்துவிட்டாளா என்று தலையைத் திருப்பி உன் நாற்காலியைப் பார்த்தேன். பிறகுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. கோத்தகிரி ஆஸ்பத்திரி, ஆடி மாதத்து மழை, உன்னை அடக்கம் செய்த சரிவில் எல்லோர் காலிலும் அப்பிய செம்மண். அதற்குப் பின்னால் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. உயிரோடு இருந்தவரை உன்னை ஒரு நாளாவது முழுசாகப் பச்சையில் இருக்க விட்டார்களா இவர்கள்? செத்த பிறகு தாராளமாகக் கொடுக்கிறார்கள்.

விஷயம் இதுதான். உன் இடத்துக்கு ஜெசிந்தா என்று ஒருத்தி வந்திருக்கிறாள். தேவாலாக்காரி. புருஷன் ஜீப் ஓட்டுகிறான், குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வேலைக்கு வந்திருக்கிறாள். பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும், என்னைச் "சேச்சி" என்றுதான் கூப்பிடுகிறாள். இத்தனை நாள் மூர்த்தியின் கம்ப்யூட்டரில் ஒண்டிக்கொண்டிருந்தவளுக்கு உன் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு, புது லாகின் வரும்வரை உன்னுடையதையே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது கோயம்புத்தூர் ஹெட் ஆபீஸ். உன் கணக்கை மூட யாருக்கும் தோன்றவில்லை. நீ செத்த செய்தி அங்கே போய்ச் சேர்ந்து இரங்கல்கூட அனுப்பினார்கள், ஆனால் அதை அனுப்பியவர் வேறு, லாகின் பார்ப்பவர் வேறு.

சரி, தொலையட்டும் என்று இருந்தேன். புதன்கிழமை காலை ஜெசிந்தா முகம் வெளுத்து என் மேஜைக்கு வந்தாள். "சேச்சி, இது எனக்கா, அவங்களுக்கா?" என்று திரையைக் காட்டினாள். உன் பெயரைப் போட்டு, அன்புடையீர் போட்டு, ஹெட் ஆபீசிலிருந்து ஒரு செய்தி. நேற்று பெரும்பாலான நேரம் நீங்கள் 'அவே'யில், அதாவது இடத்தில் இல்லாமல், இருந்திருக்கிறீர்கள், காரணத்தைத் தெரிவிக்கவும்.

நீ இருந்திருந்தால் அந்தக் கட்டடமே அதிர்கிற மாதிரிச் சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அவர் இறந்துவிட்டார். அதுதான் காரணம். வேறு காரணம் வேண்டுமா?" என்று பதில் எழுதி அனுப்பினேன். மதியத்துக்குள் உன் பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது. ஜெசிந்தாவுக்குச் சொந்த லாகின் வந்தது. மன்னிப்பு மட்டும் வரவில்லை.

இந்தப் புள்ளி நம் ஆபீசுக்கு வந்த புதிதில் நீயும் நானும் அதைச் சோதித்துப் பார்த்தது ஞாபகம் இருக்கிறதா? பச்சை என்றால் ஆள் இருக்கிறார், மஞ்சள் என்றால் எழுந்து போய்விட்டார், சிவப்பு என்றால் மீட்டிங்கில் இருக்கிறார், சாம்பல் என்றால் ஆளே இல்லை என்று ஒரு பையன் ஸ்கிரீனில் வந்து பாடம் எடுத்தான். நீ கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். மதியம் டீயும் வர்க்கியும் வந்ததும், "வா புள்ள, இந்தப் பூதம் எப்படி வேல செய்யுதுன்னு பாப்பம்" என்றாய்.

வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டே இடது கை விரலால் மவுஸை மட்டும் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தாய். கண் பேப்பரில் இருந்தது. என் திரையில் நீ பச்சையாகவே இருந்தாய். அடுத்து, எடப்பள்ளிப் பக்கத்துச் சிறு விவசாயி ஒருவருக்குப் போன் போட்டாய். அவர் தேயிலைத் தோட்டத்தில் கொப்புள நோய் விழுந்து இலையெல்லாம் பாழ், என்ன மருந்து அடிப்பது, இந்த இலையை ஃபேக்டரி எடுக்குமா என்று அவர் புலம்ப, நீ நிதானமாகக் கேட்டு, சமாதானம் சொல்லி, எங்கே வண்டி நிற்கும் என்று சொல்லி முடித்தாய். வேலை என்றால் அதுதான் நம் வேலை. காலையில் விவசாயிகளைக் கூப்பிட்டு யார் எவ்வளவு பறித்திருக்கிறார்கள் என்று கேட்பதும், இலை மூட்டைக்குள் வெந்து போவதற்குள் வண்டியை அங்கே அனுப்புவதும். போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினாய்.

"என்னா நெறம்?"

"மஞ்சள்," என்றேன்.

"பாத்தியா? சும்மா வெரல ஆட்டுனா பச்ச. வேல செஞ்சா மஞ்ச. இது ஆளப் பாக்கல புள்ள, எலியப் பாக்குது." மவுஸுக்கு எலி என்றுதான் பெயர் வைத்திருந்தாய்.

மூர்த்தி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் மல்லாக்க வைத்து அதன்மேல் மவுஸை உட்கார வைத்தான். நொடி முள் அடியில் ஓட ஓட, மவுஸ் அசைவதாக நினைத்துக் கம்ப்யூட்டர் அவனைப் பச்சையிலேயே வைத்திருந்தது. அவன் வெளியே போய் நிதானமாகப் புகை பிடித்துவிட்டு வருவான். குன்னூர் ஆபீசிலேயே கண்ணுங்கருத்துமாக வேலை செய்கிறவர் என்று அந்த மாதம் அவனுக்குப் பாராட்டு வந்ததே! உனக்கும் ஒரு பழைய கடிகாரம் கொண்டுவந்து நீட்டினான். "நா இருக்கேன்னு காட்ட எனக்குக் கடியாரம் எதுக்கு மூர்த்தி? நாந்தான் இங்க இருக்கேனே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாய். எனக்கு அப்போது உன்மேல் எரிச்சல். வாங்கி வைத்தால்தான் என்ன, ஊரோடு ஒத்துப் போனால்தான் என்ன என்று நினைத்தேன். உனக்கு அப்படி ஒரு வளைவு உடம்பிலேயே கிடையாது.

அந்த வீடியோ மீட்டிங்கை எப்படி மறப்பேன்! கோவை மேனேஜர் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, யார் எவ்வளவு நேரம் மஞ்சளில் இருந்தார்கள் என்று வாசித்தார். உன் பெயர் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏனுங்க மேடம், நீங்க மட்டும் எப்பப் பாத்தாலும் மஞ்சள்லயே இருக்கீங்களே, என்னங்க காரணம்?" என்றார். கெட்ட மனிதர் இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார். மற்றவர்களாக இருந்தால் நெட்வொர்க், கரண்ட், பனிமூட்டம் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார்கள்.

"சார், எங்கம்மா சிலோன்லருந்து வந்தவங்க. அங்கயும் எஸ்டேட், இங்கயும் எஸ்டேட். காலைல பெரட்டுன்னு ஒண்ணு இருக்கும். எல்லாரும் களத்துல வந்து நிப்பாங்க, கங்காணி பேரு கூப்பிடுவாரு, வந்துட்டேன்னு சொல்லுவாங்க. அத்தோட முடிஞ்சிது. அதுக்கப்பறம் கூடையில கொழுந்து எவ்வளவுன்னுதான் கேப்பாங்க. வெள்ளக்காரன் தோட்டத்துலகூட ஒரு நாளைக்கு ஒரு பெரட்டுதான் சார். நீங்க என்னா, விடிஞ்சதுலருந்து பொழுது சாயிற வரைக்கும் பேரு கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க?"

யாரோ மைக்கை அணைக்க மறந்து சிரித்துவிட்டார்கள். மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த பெயருக்குப் போனார். மீட்டிங் முடிந்ததும் நான் உன்னைக் கடிந்துகொண்டேன். "வாய வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டியா புள்ள? வேலையை விட்டுத் தூக்கிருவாங்க." நீ அப்போதே அடுத்த விவசாயிக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தாய். தூக்கவில்லை. ஆனால் அந்த வருஷமும் அடுத்த வருஷமும் உனக்கு வர வேண்டிய பதவி வரவில்லை. காரணம் கேட்டதற்கு, 'அவைலபிலிட்டி' போதவில்லை என்று எழுதி அனுப்பினார்கள். மழை நாளில் விவசாயிகள் உன் சொந்த நம்பருக்கே கூப்பிட்டுத் தொல்லை கொடுத்ததும், குளிக்கப் போகும்போதுகூட நீ போனைக் கையோடு எடுத்துப் போனதும் அந்தக் கணக்கில் ஏறவே இல்லை.

பிறகு உடம்பு உன்னைப் படுத்த ஆரம்பித்தது. மருந்து ஏற்றுவதற்கு நீ கோயம்புத்தூர் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. போகிற நாள் போக, மற்ற நாளில் வீட்டிலிருந்தே வேலை செய்தாய், லேப்டாப்பைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு. பெயருக்குக் கீழே நாமே நாலு வார்த்தை எழுதிக்கொள்ள அந்த சாட்டில் இடம் இருக்கிறது. நாங்களெல்லாம் அதைக் காலியாக விட்டிருந்தோம். நீ எழுதினாய்: 'உடம்பு சரியில்லை. வேலை செய்கிறேன். கூப்பிட்டால் எடுப்பேன்.' சொந்த விஷயத்தைப் பொதுவில் போட வேண்டாம் என்று ஹெட் ஆபீசிலிருந்து சொன்னார்கள். "நா மஞ்சளா இருக்கறத ஊருக்கே காட்டுறாங்க, அது சொந்த விசயம் இல்லியாமா?" என்று கேட்டுவிட்டு, கடைசிவரை அதை எடுக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் புள்ளியை இவ்வளவு திட்டுகிற நான், உன் விஷயத்தில் அதையே நம்பிக் கிடந்தேன். மருந்து ஏற்றும் நாட்களில் வேலைக்கு நடுவே வாட்ஸ்அப்பைத் திறந்து, உன் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால் போதும், விழித்திருக்கிறாள், போனைப் பிடிக்கிற தெம்பு இருக்கிறது என்று மூச்சு விடுவேன். என்ன எழுதுவதென்று தெரியாது. வலிக்கிறதா என்று எழுதி அழிப்பேன், சாப்பிட்டாயா என்று எழுதி அழிப்பேன். ஒருநாள் நீயே கூப்பிட்டாய். குரல் கரகரவென்று இருந்தது.

"டைப்பிங்குன்னு வருது, போவுது. வருது, போவுது. என்னா புள்ள எழுதி எழுதி அழிக்கிற? நா இருக்கனா இல்லியான்னுதான பாக்குற?"

நான் அழுதுவிட்டேன்.

"இருக்கேன். அத போன் போட்டுக் கேளு. பதில் சொல்ல வாயி இருக்குறவரைக்கும் சொல்லுறேன்."

அதற்குப் பிறகு தினமும் கூப்பிட்டேன். சில நாள் ஒரு வார்த்தை பேசுவாய், சில நாள் போன் உன் காதோரம் இருக்கும், நான் ஆபீஸ் கதையைச் சொல்வேன். எந்த வளைவில் வண்டி நின்றது, யார் இலையை மழையில் நனைய விட்டார்கள், மூர்த்தி என்ன கூத்தடித்தான் என்று. நீ கேட்கிறாய் என்பது மூச்சுச் சத்தத்திலேயே தெரியும். உன்னை இழந்த துக்கம் குறையவில்லை. அந்தக் குரலுக்காக இன்றைக்கும் ஏங்குகிறேன்.

இனி ஜெசிந்தா விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடலே.

புதன்கிழமை உன் லாகினை மூடினார்கள் என்றேன் அல்லவா, அன்று சாயங்காலமே இந்த ஆபீசின் சீனியர் என்ற முறையில் எனக்கு ஒரு செய்தி வந்தது. ஜெசிந்தாவின் சோதனைக் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. உன் பெயரில் அவள் வேலை பார்த்த நாட்களையும் சேர்த்துப் பார்த்ததில் மஞ்சள் நேரம் மிக அதிகம். அவளைத் தொடர வேண்டாம் என்று நினைக்கிறோம், வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் ஒப்புதலை அனுப்பவும். உன் நாற்காலியில் உட்கார்ந்து, உன் வேலையைச் செய்து, உன்னைப் போலவே மஞ்சளாகிவிட்டாள். அதுதான் அவள் செய்த குற்றம்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டில் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். நான், ஜெசிந்தா, மூர்த்தி, கணக்குப் பார்க்கிற சண்முகண்ணன். நான் விஷயத்தைச் சொன்னேன். பிறகு, நாளைக்கு முழு நாளும் புள்ளியைச் சாம்பலாக்கி வைத்துவிட்டு வழக்கம்போல வேலை செய்யப் போகிறேன் என்றேன். ஆஃப்லைனில் இருப்பதாகக் காட்டச் சொன்னால் அது காட்டும், அந்த வசதி எல்லோருக்கும் இருக்கிறது. ஆளே இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லட்டும், வேலை நடந்ததா இல்லையா என்பதை ஃபேக்டரி சொல்லட்டும்.

ஜெசிந்தா சோற்றில் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். "வேண்டா சேச்சி. எனக்கு வேண்டி நீங்க மாட்டிக்காதீங்க. நான் வேற எங்கயாவது பாத்துக்கறேன்."

"உனக்காக மட்டும்னு யாரு சொன்னா?" என்றேன். "எனக்கு ஆத்திரம் அடங்க மாட்டேங்குது."

சண்முகண்ணன் ரிட்டயராக அதிக நாள் இல்லை. அவர் பயப்படுவார் என்றுதான் நினைத்தேன். மோர் ஊற்றிப் பிசைந்தபடியே, "அந்த சாம்பல் எங்கீங்க இருக்குது? எனக்கும் போட்டுக் குடுத்துருங்க, எனக்கு அதெல்லாம் தெரியாது" என்றார். மூர்த்தி டிபன் பாக்சை மூடிக்கொண்டு எழுந்து போனான். வெள்ளிக்கிழமை காலை வந்து பார்த்தால் அவன் கடிகாரம் அவன் கையில் இருந்தது.

நல்ல நாளாகப் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கோத்தகிரி ரோட்டில் மரம் விழுந்து இரண்டு இலை வண்டிகள் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. வேறு வண்டி பிடித்து, ரோட்டோரத்தில் மூட்டையோடு நிற்கிற விவசாயிகளுக்கெல்லாம் சொல்லி, ஃபேக்டரிக்காரர்களோடு மல்லுக்கட்டி, நாலு பேரும் தலை நிமிரவில்லை. குன்னூர் ஆபீஸ் முழுக்க சாம்பல். பத்தரை மணி இருக்கும், மூலையில் தூசி படிந்து கிடந்த லேண்ட்லைன் அடித்தது. அது அடிக்கும் என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது.

மேனேஜரேதான். "ஏனுங்க, குன்னூர்ல ஒருத்தருமே இல்லீங்களா?"

"எல்லாருமே இருக்கோமுங்க சார்."

"அப்புறம் ஏனுங்க இங்க எல்லாம் ஆஃப்லைன்னு காட்டுது?"

"நாங்கதான் அப்படி வெச்சிருக்கோம்."

உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, வீட்டு நிலைமை எல்லாம் கண்முன்னால் வந்து போனது.

"ஒப்புதல் கேட்டிருந்தீங்க," என்றேன். "குடுக்க மாட்டேனுங்க. ஜெசிந்தாவை அனுப்பறதுனா என்னையும் சேர்த்து அனுப்பிருங்க. எழுதியும் தந்தர்றேன்."

"மேடம், நான் அப்படிச் சொல்லலீங்க. சிஸ்டம்ல வர்றதைத்தான்..."

"சிஸ்டம் வேண்டாமுங்க சார். கொஞ்சம் லைன்லயே இருங்க."

ரிசீவரை வயர் நீளும் மட்டும் இழுத்து ஜெசிந்தாவின் மேஜைப் பக்கம் நீட்டினேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. காதில் செல்போனை இடுக்கிக்கொண்டு யாரோ ஒரு விவசாயியோடு பேசிக்கொண்டிருந்தாள். "இல்லண்ணா, கரையாதீங்க, அழாதீங்க. எலை வாடாது. மூட்டையைப் பிரிச்சு அந்தப் பஸ் ஸ்டாப்பு உள்ள பரத்திப் போடுங்க. வண்டி வரும், நான் சொல்றேன்ல? வர்ற வரைக்கும் போனை வெக்க மாட்டேன். நான் இங்கதான் இருக்கேன் அண்ணா, எங்கயும் போகல." அந்த ஆள் அழுதது எனக்கே கேட்டது. கோயம்புத்தூருக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் பேசி முடிக்கும்வரை நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன், அந்தப் பக்கம் மேனேஜரும் வைக்கவில்லை.

ரிசீவரை மறுபடி காதில் வைத்தேன். "அவங்க இருக்கட்டுமுங்க," என்றார். "ஆனா திங்கக்கிழமைல இருந்து எல்லாரும் பழையபடி புள்ளியைப் போட்டுருங்க மேடம். எனக்கும் மேல கேக்கறாங்க."

"போட மாட்டோமுங்க சார்," என்றேன். "எங்களைத் தேடுனா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க. யாராவது எடுப்போம்."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் அப்படித்தான் வந்தது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டார். திங்கட்கிழமை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. மெமோ வரலாம், அதற்கு மேலும் வரலாம். வந்தால் வரட்டும். ஜெசிந்தா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூர்த்தி எல்லோருக்கும் டீ சொன்னான். சண்முகண்ணன் மட்டும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்கண்ணா?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. இவ்வளவு நாளா உங்களுக்கு இப்படிப் பேச வரும்னே எனக்குத் தெரியாதுங்க."

எனக்கும் தெரியாதடி. இத்தனை வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வாயை மூடு, வாயை மூடு என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே, நீ பேசியதை ஒன்று விடாமல் கற்றுக்கொண்டிருந்திருக்கிறேன்.